ஐயெல்ட்ஸ் எங்கே இடிக்கிறது? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கமிருந்து ஈரோட்டுக்கு வந்து என்னிடம் படிக்கிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸை ஏற்கெனவே ஒருமுறை எழுதி, வேண்டிய பேண்ட் (மதிப்பெண் நிலை) வராமல் போனவர்கள். வந்து உட்கார்ந்ததும், "அடுத்த டேட் எப்பங்க போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். தேதி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் ஒருமுறை எழுத பதினெட்டாயிரம் ரூபாய் அளவுக்குச் செலவாகிறது. பழுது எங்கே என்று பார்க்காமல் திரும்பவும் போய் உட்கார்ந்தால் அதே மதிப்பெண்தான் திரும்பவும் வரும். மூன்று தடவை, நான்கு தடவை அப்படிப் பணம் கட்டியவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு பிடிப்பது கடைசியிலும் இருக்கும். மேலே உள்ளதிலேயே சரியாகிவிட்டால் கீழே போக வேண்டாம்.

எதற்கும் முன்னால்: மதிப்பெண் தாளை எடுங்கள்

ஓவரால் பேண்ட் என்பது நான்கு பிரிவுகளின் சராசரி. அது 0.25-இல் முடிந்தால் அடுத்த அரை பேண்டுக்கும், 0.75-இல் முடிந்தால் அடுத்த முழு பேண்டுக்கும் ஏற்றிவிடுவார்கள். லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 24.5, நான்கால் வகுத்தால் 6.125, ஓவரால் 6. ரைட்டிங் மட்டும் 6 ஆகியிருந்தால் சராசரி 6.25, ஓவரால் 6.5. ஒரே பிரிவில் அரை பேண்ட் ஏறினால் போதும் என்றிருக்கும்போது, நான்கையும் அடியிலிருந்து படிக்கும் மூன்று மாத வகுப்பில் சேருவது வீண்.

அப்புறம் இன்னொன்று. போகிற இடம் என்ன கேட்கிறது என்பதை அந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசின் இணையதளத்திலேயே போய்ப் படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது, ஏஜென்ட் சொன்னது எதுவும் கணக்கில்லை. ஐயெல்ட்ஸில் இரண்டு வகை: பட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு அகாடமிக், கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்க நினைப்பவர்களுக்கு ஜெனரல் டிரெயினிங். இதையே மாற்றிப் பதிவு செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அதே பதிவுக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் ஏற்கிறார்கள். ரைட்டிங்கில் சி பிளஸ் கிரேடு, மற்றவற்றில் பி கிரேடு போதும். மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நோயாளி, வார்டு, டிஸ்சார்ஜ் கடிதம் என்று வரும் ஓஇடி பல நேரம் கைவசமாகிவிடுகிறது. கோவை ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நர்ஸ் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அறிகுறி 1: மற்றவை பரவாயில்லை, ரைட்டிங் மட்டும் 5.5, 6-லேயே நிற்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பொறுமையாகப் பார்ப்போம்.

*நேரமும் வார்த்தையும்.* ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு (அகாடமிக்கில் பட விளக்கம், ஜெனரலில் கடிதம்) குறைந்தது 150 வார்த்தை, டாஸ்க் 2-க்கு (கட்டுரை) 250. டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு மதிப்பு. வீட்டில் ஃபோனில் டைமர் வைத்து இரண்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். டாஸ்க் 1 முடியும்போது மணி எத்தனை? 20 நிமிடத்தைத் தாண்டி 30, 35 என்று போயிருந்தால் பழுது அங்கேயே கிடைத்துவிட்டது. டாஸ்க் 2-ஐ முதலில் எழுதப் பழகுங்கள். எந்த வரிசையில் எழுதினாலும் தடையில்லை.

*கேட்டதற்குப் பதில் இருக்கிறதா?* "நகரத்தில் பேருந்தை இலவசமாக விட்டால் நெரிசல் குறையும் என்கிறார்கள் சிலர், சாலையை அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பையும் பேசி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். திருச்செங்கோட்டுப் பையன் ஒருவன் போக்குவரத்து நெரிசலின் தீமைகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதினான். நல்ல ஆங்கிலம், பிழையும் குறைவு. ஆனால் இலவசப் பேருந்து ஒரே வரியில் வந்து போனது, சாலை அகலம் வரவே இல்லை, அவன் கருத்து எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு கேட்டதற்குப் பதில் சொல்வதற்கே. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, உங்கள் கட்டுரையை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால், கிராமர் புத்தகத்தைத் தொடாதீர்கள். கேள்வியைப் பிரித்துப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பத்தி என்று திட்டம் போட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

*மனப்பாட வரிகள்.* எந்தத் தலைப்பு வந்தாலும் "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கி, "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்" என்று போகும் முன்னுரையைச் சில இடங்களில் அச்சடித்தே கொடுக்கிறார்கள். திருத்துகிறவர் இதை ஆயிரம் தாளில் பார்த்திருப்பார். முன்னுரை மட்டும் பட்டாக இருந்து அடுத்த வரியிலேயே சாதாரணப் பிழை வந்தால், அது உங்கள் எழுத்து இல்லை என்று உடனே தெரிந்துவிடும். கட்டுரையில் அந்த மனப்பாட வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். 250-க்குக் கீழே போனால், நீங்கள் சொந்தமாக எழுதியது அவ்வளவுதான். முன்னுரைக்கு இரண்டே வாக்கியம் போதும்: கேள்வியை உங்கள் வார்த்தையில் ஒன்று, உங்கள் நிலைப்பாடு ஒன்று.

*ஒரே பிழை திரும்பத் திரும்ப.* கடைசியாக எழுதிய நான்கைந்து கட்டுரைகளை எடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: 'ஏ', 'தி' விட்டுப்போனது; கடைசி 'எஸ்' விட்டுப்போனது; காலம் மாறியது; இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமா போட்டு ஒட்டியது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு கட்டமும் நிரம்பிவிடும். தமிழில் 'ஏ', 'தி' போன்றவை இல்லாததால் கண்ணுக்கு அது குறையாகவே படாது. எது அதிகமோ அதை மட்டும் இரண்டு வாரம் பாருங்கள். எழுதி முடித்ததும் கடைசி நான்கு நிமிடத்தில் பெயர்ச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போங்கள்: எண்ணக்கூடியதா, ஒன்றா பலவா, முன்னாலேயே சொன்னதா? எல்லாப் பிழையையும் ஒரே நேரத்தில் துரத்தினால் ஒன்றும் பிடிபடாது.

*டாஸ்க் 1.* அகாடமிக்கில் படத்தைப் பார்த்து எண்களை எல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டு, மொத்தத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்லாமல் விடுவார்கள். எது ஏறியது, எது இறங்கியது, எது பெரியது என்ற அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மதிப்பெண் நின்றுவிடும். ஜெனரலில் கடிதம். மூன்று விஷயம் சொல்லச் சொல்லியிருப்பார்கள், இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதை மறப்பார்கள்.

*இனி ஆளைத் தேட வேண்டியதுதான் என்பது எப்போது?* மேலே உள்ள ஐந்தும் பார்த்து, ஆறு வாரம் எழுதியும் கோடுகள் குறையவில்லை என்றால். அப்போதும் முழு வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். கட்டுரையை மட்டும் திருத்தித் தருபவரைத் தேடுங்கள். முதல் கட்டுரை திரும்பி வந்ததும் பாருங்கள்: "குட், இம்ப்ரூவ் கிராமர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்ததைக் கொடுக்காதீர்கள். கேள்விக்குப் பதில், பத்தி ஓட்டம், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவிலும் தனித்தனியே எங்கே விழுந்தது என்று காட்டுபவரே உங்களுக்குத் தேவை.

அறிகுறி 2: ஸ்பீக்கிங்கில் வாய் கட்டிப்போகிறது

இதில் மூன்று கிளை. உங்களுடையது எது என்று பார்க்க ஃபோனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் கூச்சம்தான் வரும், பழுது தெரியாது.

*கியூ கார்டில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.* ஒரு தலைப்பு எழுதிய அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கத் தருவார்கள், இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். "கூட்டமான ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். பவானியிலிருந்து வரும் பெண் ஈரோட்டு ஜவுளிச் சந்தையை எடுத்துக்கொண்டாள். சரியான தேர்வு. ஆனால் ரொம்பப் பெரியது, ரொம்பக் கூட்டம், ரொம்பப் பிரபலம் என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கடைசியாக எப்போது போனாய், யாருடன் போனாய், என்ன வாங்கினாய்?" என்றேன். திங்கட்கிழமை ராத்திரி அப்பாவுடன் போனது, கேரளாவிலிருந்து வந்த வியாபாரிகள் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து டீ குடித்தது, அப்பா ஒரு கட்டு லுங்கிக்கு அரைமணி நேரம் விலை பேசியது எல்லாம் வந்தது. உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் நிற்கவே இல்லை. அடைமொழிகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், நடந்ததைச் சொன்னால் தீராது. யோசிக்கத் தரும் ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுத வேண்டாம். யார், எப்போது, என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆயிற்று என்று நான்கு சொல் குறித்துக்கொள்ளுங்கள்.

*பேச்சு வருகிறது, கேட்பவருக்குப் புரியவில்லை.* நம் ஊர் இழுவையோடு பேசுவது குறையே அல்ல. ஆங்கிலேயர் மாதிரி பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புரிய வேண்டும், அவ்வளவுதான். இடையில் "எஸ்ங்க" என்று வாயில் வந்துவிட்டால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது, தொடர்ந்து பேசுங்கள். புரியாமல் போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. சொல்லின் கடைசியில் 'உ' சேர்ப்பது (புக்கு, பஸ்ஸு), ஃப-வைப் ப ஆக்குவது, 'ஒன்லி'யை 'வொன்லி' என்பது, 'ஸூ'வை 'சூ' என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு விடாமல் ஓடுவது. ஃபோனில் குரலை எழுத்தாக்கும் வசதியை ஆங்கிலத்தில் வைத்து, ஒரு பத்தியை வாசியுங்கள். எந்தச் சொல்லை அது திரும்பத் திரும்பத் தப்பாக எழுதுகிறதோ, அந்தச் சொல்லில் உள்ள ஒலியைத்தான் நீங்கள் பழக வேண்டும். இதற்குக் காசே வேண்டாம்.

*பேச ஆளே இல்லை.* வீட்டில் தமிழ், வேலையிடத்தில் தமிழ், கல்லூரியில் பாடம் நடத்துவதும் பாதிக்குமேல் தமிழ். இந்தக் கிளையில்தான் நம் பகுதிப் பிள்ளைகள் அதிகம். இதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவரைப் பிடித்து, தினம் இருபது நிமிடம் ஃபோனில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள். இரண்டு பேரும் தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. வாய் திறக்கும் பயம் போகட்டும், திருத்துவது அதற்கப்புறம். ஒரு மாதம் இப்படிப் பேசியும் சரளம் வரவில்லை என்றால், அப்போது நேருக்கு நேர் மாக் (மாதிரி) ஸ்பீக்கிங் தேர்வு எடுக்கும் ஆசிரியரிடம் போகலாம். உண்மைத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சில மையங்களில் தேர்வாளர் வீடியோவில் வருவார். அதற்கும் ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது.

மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேர்வாளர் நடுவில் கேள்வியை மாற்றிவிடுவார். அங்கே விழுந்தால் எழுவது கடினம்.

அறிகுறி 3: லிசனிங்கில் விடைகள் நழுவுகின்றன

40 கேள்வி, சுமார் 30 நிமிடம், ஒலி ஒரே தடவைதான் ஓடும். கணினித் தேர்வில் கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டும் தருவார்கள்.

முதலில் தப்பான விடைகளை இரண்டாகப் பிரியுங்கள். கேட்டது சரி, எழுதியது தப்பு என்பது ஒரு குவியல். கேட்கவே இல்லை என்பது இன்னொன்று.

*முதல் குவியல்* சுலபம். பன்மை 'எஸ்' விட்டது, 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் இரண்டு சி, இரண்டு எம் போடாதது, இரண்டு சொல்லுக்குள் என்று சொன்ன இடத்தில் மூன்று சொல் எழுதியது. எழுத்துப் பிழை வந்தால் விடையே தப்புதான். நாள், மாதம், தெருப் பெயர், எண்கள் எல்லாம் தினம் பத்து சொல் டிக்டேஷன் எழுதினால் சரியாகிவிடும். வீட்டில் பள்ளிக்குப் போகும் தம்பியோ தங்கையோ வாசித்தால் போதும். 13-க்கும் 30-க்கும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனித்துக் கேளுங்கள். இதில் மட்டும் ஒன்றிரண்டு மதிப்பெண் போகும்.

*இரண்டாவது குவியல்* என்றால் இன்னொரு சோதனை. அந்த ஒலியின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படியுங்கள். படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்றால் காதுக்குப் பழக்கம் இல்லை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, வட அமெரிக்க உச்சரிப்பு எல்லாம் வரும். ஒரே மூன்று நிமிடத் துண்டை எழுத்தோடு ஒருமுறை, எழுத்தில்லாமல் இருமுறை என்று தினம் கேளுங்கள். படித்தாலே புரியவில்லை என்றால் காதைக் குறை சொல்ல வேண்டாம். சொல்வளம் போதவில்லை, ரீடிங் பக்கம் போங்கள்.

ஒரு விடை போனால் பின்னாலேயே மூன்று போகிறது என்பவர்கள், போனதைப் போகவிட்டுக் கண்ணை அடுத்த கேள்வியில் வைக்கப் பழகுங்கள்.

கடைசியாக, இதை யாரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிச்சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவர்களும், அதில் வேலை பார்த்தவர்களும் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். விடாத பேரிரைச்சல் கேள்திறனைக் குறைக்கும். ஃபோனை வலது காதில் ஒருமுறை, இடது காதில் ஒருமுறை வைத்துக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தாலோ, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் அடிக்கடி சொன்னாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். குறை இருப்பது தெரிந்தால் மருத்துவச் சான்றோடு தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே எழுதினால், சிறப்பு ஏற்பாடு கேட்க வழி இருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அறிகுறி 4: ரீடிங்கில் நேரம் முடிந்துவிடுகிறது

60 நிமிடம், 40 கேள்வி. விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது.

ஒரே அளவுக் கடினமுள்ள இரண்டு தாள்களை எடுங்கள். ஒன்றை நேரம் வைத்துச் செய்யுங்கள், மற்றதை நேரம் வைக்காமல் செய்யுங்கள். நேரமில்லாமல் 34 எடுத்து, நேரம் வைத்தால் 22 என்றால் உங்கள் பழுது வேகம். இரண்டிலும் 22 என்றால் பழுது புரிதல். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேகமாகப் படிக்கும் உத்தி என்று வீடியோ வீடியோவாகப் பார்ப்பதில் பயனில்லை.

வேகம்தான் என்றால், பத்தியை முதல் வரியிலிருந்து மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படிக்கிறீர்களா என்று கவனியுங்கள். கேள்வியைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள பெயர், ஆண்டு, எண் எங்கே என்று தேடிப் போங்கள். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். புரிதல்தான் என்றால் குறுக்குவழி இல்லை. தினம் ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் கட்டுரை, முழுதாக, இரண்டு மூன்று மாதம்.

'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' குழப்பம் இங்கே எல்லோருக்கும் உண்டு. பத்தியில் "பவானியில் ஜமுக்காளத்தைக் கைத்தறியில் நெய்கிறார்கள்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வியில் "பவானியில் கைத்தறியை யாரும் பயன்படுத்துவதில்லை" என்றிருந்தால் ஃபால்ஸ், பத்தி அதை நேராக மறுக்கிறது. "பவானி ஜமுக்காளம் வெளிநாட்டுக்குப் போகிறது" என்றிருந்தால் நாட் கிவன். போகிறது என்று நமக்குத் தெரிந்தாலும் பத்தி சொல்லவில்லையே. ஊர்க்காரர்கள்தான் இதில் அதிகம் தவறுவார்கள், தெரிந்த விஷயம் கையைப் பிடித்து இழுக்கும்.

மதிப்பெண் கணக்கிலும் கவனம் வேண்டும். அகாடமிக்கில் 40-க்கு 30 எடுத்தால் ஏறத்தாழ 7. ஜெனரலில் அதே 30-க்கு ஏறத்தாழ 6 தான். 7 வேண்டுமென்றால் 34 பக்கம் போக வேண்டும். திரையில் படிக்கும்போது தலைவலி வந்தால் உத்தியைத் தேடாமல் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

அறிகுறி 5: மாக் டெஸ்டில் 7, உண்மைத் தேர்வில் 6

லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து வரும். வீட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துச் செய்திருந்தால் மூன்றாவது வரும்போது களைப்பு விழுவது இயல்பு. தேர்வுக்கு முன் சில முறையாவது மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுங்கள்.

கணினியில் எழுதப்போகிறீர்களா? கீபோர்டில் எழுத்தைத் தேடித்தேடி அடிப்பவரா? நாற்பது நிமிடத்தில் யோசித்து 250 வார்த்தை அடித்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு மாதம் டைப்பிங் பழகுவது எந்தக் கோச்சிங்கையும்விட லாபம்.

தாராபுரம், கரூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்துக் கோவைக்குப் போய் நேராகத் தேர்வறையில் உட்காருவதும் ஒரு காரணம்தான். முடிந்தால் முதல் நாளே போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கித் தூங்கி எழுந்து போங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால், உங்கள் மாக் டெஸ்டே எளிதாக இருந்திருக்கும். மாணவர் மனம் வாடக்கூடாது என்று தாராளமாகப் போடும் இடங்கள் உண்டு. உங்கள் ரைட்டிங்கை வேறொருவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 6: பதிவிலோ வாசலிலோ பெயர்ச் சிக்கல்

தேர்வுக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் போதாது. பதிவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் ஊரில் மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலி என்று இருக்கும். மார்க் ஷீட்டைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே போடுங்கள். ஒற்றைப் பெயர் என்றால் பணம் கட்டும் முன் மையத்துக்கு ஃபோன் செய்து எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டிலேயே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். கோவை பாஸ்போர்ட் அலுவலக வேலை முடிந்து புதியது கைக்கு வந்த பிறகு தேர்வுத் தேதியைப் போடுவதுதான் நிம்மதி.

அறிகுறி 7: வேண்டியது ஒன்று, அரை பேண்ட் குறைகிறது

இங்கே மூன்று வழி, செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

மறுமதிப்பீடு: தேர்வு எழுதி 6 வாரத்துக்குள் கேட்கலாம். பேண்ட் ஏறினால் கட்டிய பணம் திரும்ப வரும். ரைட்டிங் அல்லது ஸ்பீக்கிங் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக விழுந்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். லிசனிங், ரீடிங்குக்குக் கேட்பதில் பெரிய பயனில்லை, அவற்றில் விடை சரியா தப்பா என்பது மட்டும்தான்.

ஒரே பிரிவை மட்டும் திரும்ப எழுதுவது: கணினியில் எழுதியவர்களுக்கு உண்டு. 60 நாட்களுக்குள், ஒரு பிரிவு மட்டும். ஆனால் எல்லா இடமும் இந்த மதிப்பெண்ணை ஏற்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்கிறோம் என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். அந்த 60 நாள் தேர்வு எழுதிய தேதியிலிருந்து ஓடுகிறது. மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருக்கும்போதும் அது நிற்காது.

முழுத் தேர்வையும் திரும்ப எழுதுவது கடைசி வழி. மேலே உங்கள் அறிகுறியின் கீழ் சொன்ன சோதனையில் மாற்றம் தெரிந்த பிறகு மட்டும் தேதி போடுங்கள். எழுதவும் பேசவும் கணினி முன்னால் சுலபமாக வருகிறது, வேகமாக டைப் செய்வீர்கள் என்றால், போகிற இடம் ஏற்குமானால் பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வையும் ஒருமுறை மாக் எழுதிப் பாருங்கள். அதில் மதிப்பீடு பெரும்பாலும் கணினி செய்வது, 10-லிருந்து 90 வரை அளவு.

இந்த நிலையில்தான் "தேர்வே எழுத வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் ஆட்கள் வருவார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகமும் தூதரகமும் மதிப்பெண்ணை நேராக இணையத்தில் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் பணத்தோடு விசா வாய்ப்பும் போய்விடும். அப்படி யாராவது பெற்றோரிடம் பேசியிருந்தால், அவர்களை உட்காரவைத்து இதை எடுத்துச் சொல்லுங்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டுபவர்கள் அவர்கள்தான்.

மதிப்பெண் 2 ஆண்டு செல்லும். செப்டம்பர் சேர்க்கைக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒருமுறை தவறினாலும் திரும்ப எழுத இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்படி முதல் தேதியைப் போடுங்கள்.